காய்ச்சல் விட்டபின் காக்கும் ஊழியம்

(மருத்துவமனை ஆதரவாளர்களின் ஸ்தோத்திரக் கூடுகையில் மருத்துவமனைப் போதகர் ஆற்றிய உரை)



இந்த மருத்துவமனையின் ஊழியத்தை ஜெபத்தினாலும் காணிக்கையினாலும் தாங்கி வருகிற உங்களை முகமுகமாய்க் காணக் கிடைத்த இந்த நாளுக்காகத் தேவனைத் துதிக்கிறோம்.

இந்தக் கூடுகையில் கட்டிடப் பணிகளைப் பற்றியும், வாங்கவேண்டிய கருவிகளைப் பற்றியும் பேசுவது வழக்கம். இம்முறை டெங்கு காய்ச்சலில் கல்லீரல் படுகிற பாட்டைப் பற்றிப் பேச நினைக்கிறோம். போதகருக்கும் ஈரலுக்கும் என்ன சம்பந்தம் என்று உங்களில் சிலர் நினைக்கலாம். வைத்தியம் செய்வது மருத்துவர்களின் பணி. அவர்கள் சொல்லுவதை வியாதியஸ்தரின் கட்டிலருகே உட்கார்ந்து, வீட்டாருக்கு விளங்கும் தமிழில் எடுத்துச் சொல்லுவதும், அவர்களோடு காத்திருப்பதும் சாப்ளின் ஊழியத்தில் இருக்கிற எங்களுக்குக் கொடுக்கப்பட்ட பணி. அப்படிக் காத்திருக்கிறபோது, உங்கள் காணிக்கை எந்த இடத்தில் ஓர் உயிரைத் தாங்குகிறது என்பதை நாங்கள் கண்ணாரக் காண்கிறோம். அதைத்தான் இன்று உங்களுக்குச் சொல்ல வந்திருக்கிறோம்.

யாரும் விசாரிக்காத உறுப்பு

ஐப்பசி, கார்த்திகை மழை தொடங்கினால் எங்கள் காய்ச்சல் வார்டில் கட்டில் கிடைப்பது அரிது. காலையில் உள்ளே நுழைந்ததும் எங்கள் காதில் விழுகிற கேள்வி ஒன்றே: “ஐயா, பிளேட்லெட் எவ்வளவு வந்திருக்கு?” சென்னையிலிருந்தும் வளைகுடா நாட்டிலிருந்தும் உறவினர் போன் செய்து கேட்பதும் அதுவே. எண்ணிக்கை ஐம்பதாயிரத்துக்குக் கீழே வந்தது என்றால் வீடே கலங்கிப் போகிறது. சபையின் வாலிபர் சங்கத்துப் பிள்ளைகள் இரத்தம் கொடுக்க வரிசையில் வந்து நிற்கிறார்கள். அவர்களுடைய நல்ல மனதுக்காகக் கர்த்தரை ஸ்தோத்திரிக்கிறோம்.

ஆனால் எங்கள் மருத்துவர்கள் பிளேட்லெட் எண்ணிக்கையை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பதில்லை. இரத்தக் கசிவு இல்லாதபோது எண்ணிக்கையை உயர்த்துவதற்காக மட்டும் பிளேட்லெட் ஏற்றினால் கசிவு தடுக்கப்படுவதில்லை என்று, சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் நடத்தி 2017-ல் வெளியிடப்பட்ட ஓர் ஆய்வு காட்டியது. கட்டிலருகே வரும் மருத்துவர் முதலில் வியாதியஸ்தரின் கையைத் தொட்டு அது சில்லிட்டிருக்கிறதா என்று பார்க்கிறார். நாடி பிடிக்கிறார். பிறகு வலது விலா எலும்புக்குக் கீழே மெல்ல விரல்களை வைத்து அழுத்துகிறார். ஈரல் வீங்கியிருக்கிறதா, தொட்டால் வலிக்கிறதா என்று பார்க்கிறார். வீட்டார் ஒருவரும் விசாரிக்காத அந்த உறுப்பை அவர் தினமும் விசாரிக்கிறார்.

நம் தமிழ் ஈரலை மறந்துபோன மொழி அல்ல. பெரும் பயம் வந்தால் “ஈரக்குலை நடுங்கியது” என்கிறோம். எரேமியாவின் புலம்பல் இரண்டாம் அதிகாரத்தில், அழிந்துபோன எருசலேமைப் பார்த்து அழுகிற தீர்க்கதரிசி, தன் துக்கத்தின் ஆழத்தைச் சொல்ல ஈரலைத்தான் குறிப்பிடுகிறார். முன்னோர் அறிந்தோ அறியாமலோ சரியான இடத்தைத் தொட்டார்கள். நம் சரீரத்தின் உள்ளுறுப்புகளில் மிகப் பெரியது கல்லீரல். பெரியவர்களுக்கு ஏறக்குறைய ஒன்றரை கிலோ எடை. இதயம் தள்ளுகிற இரத்தத்தில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு அதன் வழியாய் ஓடுகிறது. இரத்தம் உறையத் தேவையான பொருட்களைச் செய்வது அதுவே. சாப்பிடாத வேளைக்கென்று சர்க்கரையைச் சேர்த்து வைப்பதும் அதுவே. நாம் விழுங்குகிற மருந்துகளை முறித்து வெளியேற்றுவதும் பெரும்பாலும் அதுவே.

ஈரலுக்கு என்ன நேருகிறது?

டெங்குவை உண்டாக்குவது ஒரு வைரஸ். அதில் நான்கு வகைகள் உண்டு. பகலில் கடிக்கிற ஏடிஸ் கொசு அதைச் சுமந்து வருகிறது. ஒரு வகை வந்து குணமானவருக்கு அந்த வகை மறுபடி வராதபடி எதிர்ப்பு உண்டாகும். ஆனால் வேறொரு வகை பின்னால் வந்தால், அந்த இரண்டாம் முறை கடுமையாய் இருக்கும் ஆபத்து அதிகம். இது நம் பகுதிக்கு நேற்று வந்த வியாதி அல்ல. 1960-களிலேயே வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் ஆராய்ந்தவர்கள் அவ்வூர் வியாதியஸ்தரின் இரத்தத்திலிருந்து டெங்கு வைரஸைப் பிரித்தெடுத்தார்கள். 2012-ல் திருநெல்வேலிச் சீமையை அது கடுமையாய்த் தாக்கியதை நம்மில் பலர் மறந்திருக்க மாட்டோம். அந்த ஆண்டு தமிழ்நாட்டில் 12,000-க்கும் மேற்பட்டோருக்கு டெங்கு கண்டது. 2017-ல் அது 23,000-ஐத் தாண்டியது. 2024-ல் உலகம் முழுவதும் உலக சுகாதார நிறுவனத்துக்கு வந்த கணக்கு ஒரு கோடியே நாற்பது லட்சத்துக்கும் மேல்.

இந்த வைரஸ் ஈரலைப் பல வழிகளில் நோகச் செய்கிறது. ஈரலின் அணுக்களுக்குள்ளேயே புகுந்து பெருகுவது ஒன்று. வைரஸை எதிர்க்கப் புறப்பட்ட நம் சொந்தக் காவற்படை, எதிரியையும் வீட்டையும் சேர்த்துத் தாக்குவது இரண்டு. இரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிந்து, இரத்த அழுத்தம் விழுந்து, ஈரலுக்குப் போதுமான இரத்தமும் பிராணவாயுவும் கிடைக்காமல் போவது மூன்று. நாம் கொடுக்கிற மருந்தே பாரமாகிப்போவது நான்கு. இந்த நான்காவதைப் பற்றிச் சற்று நேரத்தில் சொல்லுவோம்.

பரிசோதனைச் சீட்டில் எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி. என்று இரண்டு பெயர்களைப் பார்த்திருப்பீர்கள். இவை ஈரல் அணுக்களுக்குள் இருக்கவேண்டிய பொருட்கள். நெல் மூட்டை கிழிந்தால் வண்டி போன வழியெல்லாம் நெல் சிந்திக் கிடக்கும் அல்லவா? அப்படியே அணுக்கள் சேதப்பட்டால் இவை இரத்தத்தில் சிந்துகின்றன. சிந்திய நெல்லைக் கொண்டு மூட்டை எவ்வளவு கிழிந்தது என்று ஊகிப்பதுபோல மருத்துவர்கள் ஊகிக்கிறார்கள். சாதாரணமாய் நாற்பதுக்குள் இருக்கவேண்டிய அளவு இது. டெங்கு வந்தவர்களில் பாதிப்பேருக்கு மேல் இது கொஞ்சமாவது ஏறியிருக்கும். மற்ற வைரஸ்களால் வரும் காமாலையில் பெரும்பாலும் எஸ்.ஜி.பி.டி. அதிகமாய் ஏறும். டெங்குவிலோ எஸ்.ஜி.ஓ.டி. முந்திக்கொள்ளும். அந்தப் பொருள் தசைகளிலும் இருப்பதால், டெங்குவில் நோகிற தசைகளிலிருந்தும் அது சிந்துகிறது.

பயப்படவேண்டாம். பெரும்பாலோருக்கு ஈரல் தானாகவே தேறிவிடும். முதல் வாரத்தின் கடைசியை ஒட்டி உச்சத்துக்கு ஏறும் அளவு, பின்வரும் இரண்டு மூன்று வாரங்களில் படிப்படியாய் இறங்கிவிடும். நம் உறுப்புகளில் வெட்டுண்டாலும் வளரும் வல்லமையைச் சிருஷ்டிகர் ஈரலுக்குக் கொடுத்திருக்கிறார். ஆனால் நூற்றில் சிலருக்கு அது ஆயிரத்தைத் தாண்டிப் போகிறது. ஆயிரமும் அதற்கு மேலும் இருந்தால் அதைக் கடுமையான டெங்கு என்று உலக சுகாதார நிறுவனம் 2009-ல் வகுத்த முறை சொல்லுகிறது. அதிலும் ஒருசிலருக்கு ஈரல் வேலையையே நிறுத்திவிடுகிறது. இரத்தம் உறைவதில்லை. சர்க்கரை இறங்குகிறது. புத்தி தடுமாறுகிறது. நேற்றுவரை தெளிவாய்ப் பேசிய பிள்ளை சம்பந்தமில்லாமல் பேசுகிறது, அல்லது எழுப்பினாலும் எழும்பாமல் தூங்குகிறது. இந்த நிலையில் “காத்துக் கருப்பு அடிச்சிருக்கு ஐயா” என்று தாய்மார் எங்களிடம் அழுததுண்டு. கண் மஞ்சளானால்தான் ஈரல் வியாதி என்று நம் ஜனங்கள் நினைக்கிறார்கள். டெங்குவில் கண் மஞ்சளாகாமலேயே ஈரல் கெட்டுப்போகக்கூடும் என்பதை அவர்கள் அறியவில்லை.

அன்பினால் வந்த பாரம்

கடந்த மழைக்காலத்தில் பத்தொன்பது வயதுப் பெண்பிள்ளை ஒருத்தியைக் கொண்டுவந்தார்கள். தாய் பீடி சுற்றுகிறவர். தகப்பனார் லோடு ஆட்டோ ஓட்டுகிறவர். பிள்ளை கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. காய்ச்சல் தொடங்கி ஐந்தாம் நாள். ஓயாத வாந்தி, வயிற்றின் வலது பக்கத்தில் வலி. மருத்துவர் கையை வைத்ததும் பிள்ளை முகம் சுளித்தாள். இரத்தப் பரிசோதனையில் எஸ்.ஜி.ஓ.டி. நாலாயிரத்தைத் தாண்டியிருந்தது.

என்னென்ன மருந்து கொடுத்தீர்கள் என்று மருத்துவர் கேட்டபோது, தாய் மடியிலிருந்த ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்துக் கட்டிலில் கவிழ்த்தார். மூன்று நிறத்தில் மூன்று அட்டைகள். ஒன்று காய்ச்சல் மாத்திரை, மெடிக்கல் ஷாப்பில் வாங்கியது. ஒன்று சளி மாத்திரை, பக்கத்து வீட்டார் கொடுத்தது. ஒன்று உடம்புவலி மாத்திரை, எப்போதோ வாங்கி வீட்டில் இருந்தது. பெயர் மூன்று. ஆனால் மூன்றிலும் இருந்தது பாராசிட்டமால். உடம்புவலி மாத்திரையில் அதோடு வேறொரு வலிமருந்தும் சேர்ந்திருந்தது. காய்ச்சல் இறங்கவில்லை என்று நாலு மணிக்கு ஒருமுறை தாய் விழித்திருந்து கொடுத்திருக்கிறார்.

கணக்குப் பாருங்கள். 650 மில்லிகிராம் மாத்திரையை நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை கொடுத்தால் நாளொன்றுக்கு ஆறு மாத்திரை, 3,900 மில்லிகிராம். அதோடு 500 மில்லிகிராம் அடங்கிய சளி மாத்திரை இரண்டு சேர்ந்தால் 4,900. டெங்கு வந்த பெரியவர்களுக்கு ஒரு நாளில் 3,000-ஐத் தாண்டக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் ஆலோசனை. பிள்ளைகளுக்கு எடையைப் பார்த்து மருத்துவர் சொல்லும் அளவுதான்.

பாராசிட்டமால் நல்ல மருந்து. டெங்கு காய்ச்சலுக்கு மருத்துவர்கள் கொடுப்பதும் அதுவே. அளவோடு இருந்தால் ஈரல் அதை எளிதாய் முறித்துவிடும். முறிக்கும்போது சிறிதளவு நச்சுப்பொருள் உண்டாகிறது. அதை அடக்குவதற்கென்று ஈரலுக்குள் ஒரு கையிருப்பு உண்டு. நாலைந்து நாளாய்ச் சாப்பாடு இறங்காமல், வைரஸோடு போராடிக் களைத்த ஈரலில் அந்தக் கையிருப்பு குறைந்துபோகக்கூடும். அந்த நேரத்தில் மாத்திரை மேல் மாத்திரை விழுந்தால், அடக்குவாரில்லாத நச்சு ஈரலையே சுடுகிறது. ஆஸ்பிரின், ஐபுபுரூபன், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மருந்துகளோ வயிற்றில் இரத்தக் கசிவையும் வரவழைக்கும். டெங்கு என்ற சந்தேகம் இருக்கும்போது அவை கூடாது. காய்ச்சல் விடவேண்டும் என்று இடுப்பில் போட்டுக்கொள்ளும் ஊசியும் கூடாது.

நாங்கள் அந்தத் தாயைக் கடிந்துகொள்ளவில்லை. அவர் கொடுத்த ஒவ்வொரு மாத்திரையும் அன்பினால் கொடுத்தது. “நான்தான் என் பிள்ளைக்கு விஷம் குடுத்துட்டேனா ஐயா?” என்று அவர் எங்களைக் கேட்டார். “இல்லை அம்மா, வியாதி வேறு, மாத்திரை வேறு. இரண்டும் சேர்ந்து பாரமாகிவிட்டது. சரியான நேரத்தில் கொண்டுவந்துவிட்டீர்கள்” என்று சொல்லி, அவர் கையைப் பிடித்து ஜெபித்தோம். அவர் நம் சபையைச் சேர்ந்தவர் அல்ல. கண்ணை மூடி, முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு எங்களோடு ஜெபித்தார்.

மருத்துவர்கள் எல்லா மாத்திரைகளையும் நிறுத்தினார்கள். பாராசிட்டமால் நச்சை முறிக்கும் அசிட்டைல் சிஸ்டின் என்ற மருந்தைச் சொட்டுச் சொட்டாய் ஏற்றினார்கள். அளந்து அளந்து டிரிப்ஸ் கொடுத்தார்கள். குறைந்தால் இரத்த அழுத்தம் விழும், கூடினால் நுரையீரலில் நீர் கட்டும். ஆகவே மணிக்கு மணி கணக்கு.

காய்ச்சல் விட்ட நாள்

மறுநாள் காலை அந்தப் பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டது. தகப்பனார் வார்டு வாசலில் எங்களைப் பார்த்ததும் கையெடுத்துக் கும்பிட்டார். “காய்ச்சல் விட்டுட்டுது ஐயா. பில்லைப் போடச் சொல்லுங்க, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருதோம்” என்றார். ஆறு நாளாய் ஆட்டோ ஓடவில்லை. தவணை கட்டவேண்டும். இன்னும் இரண்டு நாள் என்றால் எவ்வளவு ஆகுமோ என்கிற பயம். அவர் அதைச் சொல்லவில்லை. ஆனால் சட்டைப்பையில் மடித்து வைத்திருந்த ரூபாய்த் தாள்களை அவர் விரல்கள் தடவிக்கொண்டே இருந்தன.

மாற்கு சுவிசேஷத்தின் முதலாம் அதிகாரத்தில் பேதுருவின் மாமியார் காய்ச்சலாய்க் கிடந்ததையும், ஆண்டவர் கையைப் பிடித்துத் தூக்கினவுடனே காய்ச்சல் நீங்கி அவர் எழுந்து பணிவிடை செய்ததையும் வாசித்திருக்கிறோம். காய்ச்சல் விட்டது என்றால் நம் ஜனங்களுக்கு அதுதான் சுகம். தலைக்குத் தண்ணீர் ஊற்றி, இரசஞ்சோறு கொடுத்து, வேலைக்கு அனுப்பிவிடுவார்கள். ஆனால் டெங்கு காய்ச்சல் நம்மை ஏமாற்றுகிற காய்ச்சல். மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள் காய்ச்சல் விடுகிறது. அந்த வேளையில்தான் இரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிவது உச்சத்துக்கு வருகிறது. இருபத்துநாலு மணி முதல் நாற்பத்தெட்டு மணி நேரம் வரை அந்த ஆபத்து நிற்கிறது. ஈரலின் அளவு ஏறி நிற்பதும் ஏறக்குறைய அதே நாட்களில்தான்.

இதையெல்லாம் நாங்கள் தகப்பனாரிடம் மரத்தடியில் உட்கார்ந்து சொன்னோம். “அண்ணாச்சி, வெள்ளம் வடிஞ்ச பிறகுதான் மண்சுவர் விழும். ரெண்டு நாள் சுவரைப் பார்த்துக்கிடுவோம்” என்றோம். அவர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, “ரூபாய்க்கு என்ன செய்ய ஐயா?” என்றார். ஏழை வியாதியஸ்தர் நிதியைப் பற்றி அப்போது சொன்னோம். அது உங்கள் நிதி. “முன்னப்பின்ன தெரியாதவுக எதுக்கு ஐயா எம் பிள்ளைக்குக் குடுக்கணும்?” என்று கேட்டார். அவருக்கு அன்று நாங்கள் சொன்ன பதில் சிறியது: “அவங்க வீட்டுலயும் பிள்ளைக இருக்கு.”

அன்று இரவு பதினோரு மணிக்குப் பிள்ளையின் கைகால்கள் சில்லிட்டன. நாடி வேகமாகி மெலிந்தது. காய்ச்சல் இல்லை. முணுமுணுத்து ஏதோ பேசினாள். இரவுப் பணியில் இருந்த செவிலியர் அதைக் கண்டு உடனே மருத்துவரை அழைத்தார். இரத்தம் உறையும் நேரம் கூடியிருந்தது. சர்க்கரை இறங்கியிருந்தது. டிரிப்ஸின் வேகத்தை மாற்றி, குளுக்கோஸ் கொடுத்து, விடியும்வரை இருவர் கட்டிலைவிட்டு அகலவில்லை. மூன்றாம் நாள் அவளுக்குப் பசித்தது. டெங்குவில் பசி வந்தது என்றால் அது நல்ல செய்தி. ஈரலின் அளவு நாலாயிரத்திலிருந்து இரண்டாயிரத்துக்கும், பிறகு எண்ணூறுக்கும் இறங்கியது. பத்தாம் நாள் வீட்டுக்குப் போனாள். ஒரு மாதம் கழித்துப் பரிசோதனைக்கு வந்தபோது எல்லாம் சரியாகியிருந்தது. கர்த்தருக்கே மகிமை.

எல்லாரும் அப்படி வீட்டுக்குப் போனார்கள் என்று உங்களிடம் சொன்னால் அது உண்மையாகாது. அதே மழைக்காலத்தில் கட்டிட வேலை செய்கிற ஒரு சகோதரர் வந்தார். நாற்பது வயதைச் சற்றுத் தாண்டியவர். காய்ச்சல் விட்டது என்று மறுநாளே கலவை சுமக்கப் போயிருக்கிறார். போகாவிட்டால் கூலி இல்லை. முன்பே குடியினால் பலவீனப்பட்டிருந்த ஈரல். வேலை செய்த இடத்தில் மயங்கி விழுந்து, நினைவில்லாமல் கொண்டுவரப்பட்டார். எங்களால் ஆனதெல்லாம் செய்தோம். இரண்டாம் நாள் விடியற்காலையில் மரித்துப்போனார். அவர் மனைவி, “காய்ச்சல்தான் விட்டுட்டே, பிறகு எதுல செத்தாக?” என்று எங்களைத் திரும்பத் திரும்பக் கேட்டார். அந்தக் கேள்வியின் பாரத்தோடுதான் இன்று உங்கள்முன் நிற்கிறோம். அவர் குடித்ததைப் பற்றி அன்று நாங்கள் ஒரு வார்த்தையும் பேசவில்லை. நமக்குக் கேட்கவேண்டிய கேள்வி வேறு. காய்ச்சல் விட்டபின் இரண்டு நாள் படுத்திருக்க ஓர் ஏழைத் தொழிலாளிக்கு நம் நாட்டில் இடம் இருக்கிறதா என்பதே அது.

இரண்டு பணம்

டெங்கு வைரஸைக் கொல்லுகிறதற்கென்று நிரூபிக்கப்பட்ட மருந்து இன்னும் நம் கையில் இல்லை. அப்படியானால் மருத்துவமனையில் சேர்த்து என்ன பயன் என்று கேட்பவர்கள் உண்டு. தாய்லாந்து தேசத்தின் சரித்திரம் அதற்குப் பதில் சொல்லுகிறது. 1958-ல் பாங்காக் நகரத்தில் இரத்தக் கசிவோடுகூடிய டெங்கு பிள்ளைகளைத் தாக்கியபோது, நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் மரித்தார்கள். அங்குள்ள குழந்தைகள் மருத்துவமனையில் டாக்டர் சுசித்ரா நிம்மன்னித்யா என்ற அம்மையாரும் அவரோடு உழைத்தவர்களும் ஆண்டுக்கணக்கில் பிள்ளைகளின் கட்டிலருகே நின்று, காய்ச்சல் எந்த நாளில் விடுகிறது, ஈரல் எப்போது வீங்குகிறது, நாடி எப்போது மெலிகிறது என்று குறித்துவைத்தார்கள். வீங்கிய ஈரல் அந்த வியாதியின் முக்கிய அடையாளங்களில் ஒன்றாய்ப் பின்னாட்களில் உலகமெங்கும் கற்பிக்கப்பட்டது. எந்த மணி நேரத்தில் எவ்வளவு நீர் கொடுக்கவேண்டும் என்பதும் அப்படியே தெளிவாயிற்று. புதிய மருந்து ஒன்றும் வராமலேயே, அந்தத் தேசத்தில் மரணம் நூற்றுக்கு ஒன்றுக்கும் கீழே இறங்கியது. கூர்ந்து பார்த்ததும் விழித்திருந்ததுமே அங்கே வைத்தியமாயிற்று.

நல்ல சமாரியனின் கதையை நாம் பலமுறை தியானித்திருக்கிறோம். எண்ணெயையும் திராட்சரசத்தையும் காயத்தில் வார்த்ததை ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளும் சொல்லுவார்கள். அதற்குப் பின் நடந்ததை நாம் அவ்வளவாய் நினைப்பதில்லை. அவன் காயம்பட்டவனைச் சத்திரத்துக்குக் கொண்டுபோய் அந்த இரவு முழுவதும் பராமரித்தான். மறுநாள் புறப்படும்போது சத்திரக்காரனிடம் இரண்டு பணம் கொடுத்தான். காயத்துக்குக் கட்டு முன்பே போட்டாயிற்று. அப்படியானால் அந்த இரண்டு பணம் எதற்கு? இனிவரும் நாட்களில் அவனைப் பார்த்துக்கொள்வதற்கு. அதிகமாய்ச் செலவானால் திரும்பி வரும்போது தருவேன் என்ற வாக்கும் அதோடு உண்டு.

சகோதர சகோதரிகளே, உங்கள் காணிக்கை அந்த இரண்டு பணம். கருவி வாங்கினால் அதன்மேல் பெயர் எழுதலாம். கட்டிடம் கட்டினால் கல்வெட்டு வைக்கலாம். காய்ச்சல் விட்ட பிள்ளை இன்னும் இரண்டு இரவு படுத்திருந்த கட்டிலின்மேல் எந்தப் பெயரையும் எழுத முடியாது. ஒரே நாளில் இரண்டு மூன்று முறை எடுக்கும் இரத்தப் பரிசோதனை, இரவில் கைகால் சில்லிடுகிறதா என்று தொட்டுப் பார்க்கிற ஒரு செவிலியரின் சம்பளம், கூடத் தங்கியிருக்கும் தாய்க்குக் காலையில் இட்லியும் காப்பியும், இவையெல்லாம் புகைப்படம் எடுத்துப் போடத்தக்கவை அல்ல. ஆனால் அந்தப் பத்தொன்பது வயதுப் பிள்ளை இன்று கல்லூரிக்குப் போகிறாள் என்றால், இவற்றால்தான் போகிறாள்.

நீங்கள் செய்யக்கூடியவை

முடிக்குமுன் மூன்று காரியங்களை உங்கள் வீட்டுக்கும் சபைக்கும் கொண்டுபோகும்படி கேட்டுக்கொள்கிறோம்.

முதலாவது, மாத்திரை. டெங்கு காலத்தில் காய்ச்சல் வந்தால், வீட்டிலிருக்கும் எல்லா அட்டைகளையும் எடுத்துக்கொண்டுபோய் மருத்துவரிடம் காட்டுங்கள். எதில் பாராசிட்டமால் இருக்கிறது, ஒரு நாளைக்கு எத்தனை என்று கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நிலவேம்புக் குடிநீர் குடித்தோம், பப்பாளி இலைச் சாறு குடித்தோம் என்று சொல்லுகிறவர்களை நாங்கள் கடிந்துகொள்வதில்லை. ஆனால் அவற்றைக் குடித்துவிட்டோம் என்ற தைரியத்தில் மருத்துவரிடம் போகாமல் இருந்துவிடாதீர்கள். கஞ்சியும் இளநீரும் மருத்துவமனையில் கொடுக்கும் உப்புச் சர்க்கரைக் கரைசலும் அடிக்கடி கொடுங்கள்.

இரண்டாவது, காய்ச்சல் விட்ட நாள். அன்று கொண்டாடாமல் கவனியுங்கள். ஓயாத வாந்தி, கடும் வயிற்றுவலி, பல் ஈறிலோ மூக்கிலோ இரத்தம், கறுத்த மலம், கைகால் சில்லிடுதல், மிகுந்த சோர்வு, தூக்கக்கலக்கம், தடுமாறிய பேச்சு, சிறுநீர் குறைதல், இவற்றில் ஒன்று தெரிந்தாலும் விடியும்வரை காத்திருக்காமல் கொண்டுவாருங்கள். கர்ப்பிணிகள், கைக்குழந்தைகள், முன்பே ஈரல் வியாதியோ சர்க்கரை வியாதியோ உள்ளவர்கள் ஆகியோரைக் காய்ச்சலின் முதல் நாளிலேயே கொண்டுவருவது நல்லது.

மூன்றாவது, தண்ணீர். ஏடிஸ் கொசு சாக்கடையைத் தேடுவதில்லை. வீட்டைச் சுற்றித் தேங்கியிருக்கும் நல்ல தண்ணீரைத் தேடுகிறது. சிமெண்டுத் தொட்டி, பழைய டயர், தேங்காய்ச் சிரட்டை, குளிர்ப்பெட்டியின் பின்னாலுள்ள தட்டு, எல்லாம் அதற்கு வீடு. அதன் முட்டைகள் பாத்திரத்தின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு, தண்ணீர் வற்றினாலும் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். ஆகவே வாரம் ஒருமுறை தண்ணீரைக் கொட்டினால் மாத்திரம் போதாது, தேய்த்துக் கழுவவேண்டும். நவம்பர் மாதத்தில் கல்லறைத் தோட்டத்துக்குப் போய் நம் மரித்தோரை நினைத்துப் பூ வைக்கிறோம். அந்த ஜாடிகளில் மழைத் தண்ணீர் தேங்கி நிற்கிறது. நாம் நேசித்தவர்களின் கல்லறையிலிருந்து வேறொரு வீட்டுக்குக் காய்ச்சல் புறப்படவேண்டாம். ஜாடியில் மணலை நிரப்பிப் பூவைச் செருகுங்கள். வாலிபர் சங்கத்தாரும் பெண்கள் ஐக்கியச் சங்கத்தாரும் இதை ஓர் ஊழியமாய் எடுத்துச் செய்தால், எங்கள் வார்டில் சில கட்டில்கள் காலியாகும். அதைப்போல எங்களுக்குச் சந்தோஷம் தரும் செய்தி வேறில்லை.

அடுத்த மழைக்காலம் வரும். வார்டு மறுபடி நிறையும். நாடு பிளேட்லெட்டை எண்ணிக்கொண்டிருக்கும். எங்கள் மருத்துவர்களும் செவிலியர்களும் வலது விலாவுக்குக் கீழே கையை வைத்து விசாரித்துக்கொண்டிருப்பார்கள். காய்ச்சல் விட்டபின்னும் விழித்திருக்க அவர்களுக்குப் பெலன் கிடைக்கும்படி ஜெபியுங்கள். கூலியை நினைத்து வீட்டுக்குப் புறப்படுகிற தகப்பன்மாருக்காக ஜெபியுங்கள். அந்தக் கட்டிடத் தொழிலாளியின் மனைவிக்காகவும் அவருடைய இரண்டு பிள்ளைகளுக்காகவும் மறவாமல் ஜெபியுங்கள். அவர்கள் இருவரின் பள்ளிச் செலவை இந்த ஆண்டு நம் நிதி ஏற்றிருக்கிறது.

காக்கிறவரும் உறங்காதவருமாகிய தேவன் உங்களையும் உங்கள் வீட்டாரையும் எல்லா வியாதிக்கும் விலக்கிக் காத்து ஆசீர்வதிப்பாராக. ஆமென்.